பல் மருத்துவரின் திண்ணை

சென்ற மாதம் ஓசூரில் ஓர் இரங்கல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நாற்பது ஆண்டுகள் பல் மருத்துவம் பார்த்த ஒருவருக்காக நடந்த கூட்டம். பேசியவர்கள் அனைவரும் திரும்பத் திரும்ப மூன்று செய்திகளையே சொன்னார்கள்: அவர் பக்திமான், நல்ல குடும்பத் தலைவர், கைராசிக்காரர். மூன்றும் உண்மைதான். ஆனால் அவரை அறியாத ஒருவர் இந்தச் சொற்களைக் கொண்டு அவரைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது. நம் இதழ்களில் வரும் அஞ்சலிக் கட்டுரைகளிலும் இதே குறை இருப்பதால் இதை எழுதத் தோன்றியது. குடும்பத்தார் விளம்பரத்தை விரும்பாதவர்கள் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் தொடங்கியவர் ரஃபியுதீன் அகமது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பட்டம் பெற்று நாடு திரும்பியவர். 1949இல் அந்தக் கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கே கொடுத்துவிட்டார். 1964இல் பத்மபூஷண் பெற்று, மறு ஆண்டு மறைந்தார். இவையெல்லாம் பெருமைகள். ஆனால் என் மனத்தில் தங்கியது வேறொன்று. கல்லூரியை நடத்தப் பணம் வேண்டி அவர் கல்கத்தாவில் ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்றொரு கடை வைத்தார். இனிப்புப் பானம் விற்ற காசில் பல் மருத்துவக் கல்லூரி! அந்த ஒரு செய்தியில் மனிதர் எழுந்து வந்துவிடுகிறார். விருதுகளின் பட்டியலில் அவர் வரவில்லை.

நம் மருத்துவருக்கும் அப்படிச் சில செய்திகள் உண்டு. கூட்டத்தில் யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

அவருடைய மருத்துவமனை ஓசூரில், வீடு சானமாவில். போகும் வழியில் காப்புக்காடு. கேழ்வரகு விளையும் காலத்தில் பன்னேர்கட்டா, ஜவளகிரிப் பக்கமிருந்து வரும் யானைக் கூட்டங்கள் அங்கே தங்கிவிடும். அந்த மாதங்களில் மாலை ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிட்டு, விடுபட்ட நோயாளிகளை ஞாயிற்றுக்கிழமை தம் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்ப்பார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஊர். வருகிறவர் வாயிலிருந்து வலி, நொப்பி, நோவு என எந்தச் சொல் வருகிறதோ அந்த மொழியிலேயே அவர் பேச்சைத் தொடர்வார். முதல் கேள்வி எப்போதும் “சாப்பிட்டாச்சா?” என்பதுதான். சிப்காட் தொழிற்சாலைகளில் இரவுப் பணி முடித்து வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஊசி போட்டால் மயங்கி விழுவார்கள் என்பது அவர் அனுபவம். சாப்பிட்டு வரச் சொல்லிக் காத்திருப்பார்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஏறத்தாழ எட்டு வயதுக்குள், பற்கள் ஈறுக்குள் உருவாகும்போதே கறை ஏறிவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல் துலக்காத பிள்ளைகள் என்று பள்ளியில் திட்டு வாங்கியவர்களும், பெண் பார்க்க வந்தவர்கள் முன் சிரிக்க அஞ்சியவர்களும் இங்கே ஏராளம். அவர் பள்ளி பள்ளியாகப் போய் ஆசிரியர்களிடம் ஒன்றையே சொன்னார்: “இது அழுக்கு இல்லை. பிள்ளை குடிச்ச தண்ணி.”

அமெரிக்காவில் ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901இல் கொலராடோவில் இதே கறையைக் கண்டு காரணம் தேடத் தொடங்கினார். 1931இல்தான் அது ஃபுளோரைடு என்று தெரிந்தது. 1937இல் சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பதிவாயிற்று. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நமக்குக் கிடைத்தது 2013இல். இடைப்பட்ட ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளிடம் “உன் மேல் தப்பில்லை” என்று சொல்ல ஒருவர் இருந்தார். அது சிறிய காரியம் என்று நான் நினைக்கவில்லை.

பக்திக்கு வருகிறேன். திங்கள்தோறும் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலுக்குப் படியேறிப் போய் வந்த பிறகே மருத்துவமனையைத் திறப்பார். கோயிலுக்குப் போகாதவனான நான், சாமியிடம் என்ன கேட்பீர்கள் என்று ஒருமுறை கேலியாகக் கேட்டேன். “கை நடுங்காம இருக்கணும் சார். வேற என்ன?” என்றார். சில ஆண்டுகள் கழித்துக் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் கவனித்தவர் அவரே. அந்த வாரமே கருவிகளை ஒரு இளம் மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்று எல்லோரும் வற்புறுத்தினோம். கேட்கவில்லை. கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. பக்தி என்று எதைச் சொல்கிறார்கள் என்பது எனக்கு அன்று கொஞ்சம் புரிந்தது.

நல்ல குடும்பத் தலைவர் என்ற புகழுரையில்தான் எனக்கு மனக்குறை. அந்தத் திண்ணைக்கு வந்தவர்கள் சாப்பிட்டது அவர் மனைவி காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியை. தொடக்க ஆண்டுகளில் கருவிகளைக் கொதிநீரில் இட்டு எடுத்து வைத்தவரும் அந்த அம்மாதான். கூட்டத்தில் மாலை போட்ட படத்துக்கு அருகே மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தார். ஒருவரும் அவரைப் பேச அழைக்கவில்லை. நான் உட்பட.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சானமாவுக்குப் போய் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் கேட்டுக்கொள்ளப் போகிறேன். இந்தக் கட்டுரையில் விடுபட்டது அவருக்குத் தெரிந்திருக்கும்.