ஏரி நம்முடையது; இணையமும் நம்முடையதாகட்டும்!



சிட்டா நகல் வேணுமா? ஆன்லைன். பயிர்க் காப்பீடா? ஆன்லைன். பி.எம். கிசான் பணம் தடையில்லாமல் வரணுமா? இ-கேஒய்சி முடிக்கணும், அதுவும் ஆன்லைன். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிய அரசு, நம்ம ஊருக்குச் சிக்னல் வரும் வழியை மட்டும் மறந்துவிட்டது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போய் வரிசையில் நின்றால், "சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். கம்பெனிக்காரனைக் கேட்டால், "உங்க ஊர்ல ஆள் கம்மி, டவர் போட்டா கட்டுப்படியாகாது" என்கிறான். நாம் போடும் நெல் மட்டும் நமக்குக் கட்டுப்படியாகிறதா?

ஸ்பெயின் நாட்டில் கத்தலோனியா என்ற பகுதி. அங்கே ஒசோனா வட்டாரக் கிராமங்களையும் பெரிய கம்பெனிகள் இப்படித்தான் கண்டுகொள்ளவில்லை. அந்த மக்கள் கைகட்டிக் காத்திருக்கவில்லை. 2004-ல் கூரைக்குக் கூரை ஆன்ட்டெனா கட்டி, கம்பியில்லாமலே வீட்டுக்கு வீடு இணைப்பைக் கடத்தினார்கள். 'குய்ஃபி நெட்' என்ற அந்த வலை 30,000 இணைப்பு முனைகளுக்கு மேல் வளர்ந்தது. அதற்குத் தனி முதலாளி கிடையாது. ஏரித் தண்ணீர் மாதிரி, முறைக்குக் கட்டுப்பட்டவர் எல்லாருக்கும் பொது.

"அது வெள்ளைக்காரன் ஊரு, நமக்கு ஆகுமா?" என்று கேட்கலாம். ஆகும். 1998-லேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரி வில்லியனூரை மையமாக வைத்து, சுற்றுக் கிராமத் தகவல் மையங்களுக்கு ரேடியோ அலை மூலம் செய்தி அனுப்பியது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமிச் செய்தி வெளிநாட்டிலிருந்து போனில் வந்ததும், நல்லவாடு மீனவ கிராமத்தில் அந்த மையத்து ஒலிபெருக்கிதான் ஊரை எழுப்பிக் காப்பாற்றியது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, பல கிலோமீட்டர் தள்ளியிருந்த கண் பரிசோதனை மையங்களை வைஃபையால் இணைத்தது. நோயாளி ஊரிலேயே இருக்க, டாக்டர் தேனியிலிருந்து பார்த்தார்.

சட்டமும் தடையில்லை. 2005 ஜனவரியிலேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள், லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.-வாணி திட்டப்படி டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல் வைஃபை கொடுக்கலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஆன்ட்டெனா கட்டுவது ஒரு நாள் வேலை. காப்பாற்றுவதுதான் வருஷம் முழுக்க வேலை. தேனியிலேயே மின்சாரம் ஏறி இறங்கிக் கருவிகள் கெட்டுப்போயின. உள்ளூர் ஆட்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் வலை நிலைத்து ஓடியது. தென்னை வளர்ந்து மறைத்தால் சிக்னல் போகும். இடி விழுந்தால் பெட்டி போகும். மதகைப் பார்க்க ஆளில்லாத ஏரி என்ன ஆகும்? இதுவும் அதே கதைதான்.

ஆகவே அரசிடம் நாம் கேட்பது:

1. பாரத்நெட் கண்ணாடி இழை இணைப்பு பஞ்சாயத்து ஆபீஸ் பூட்டுக்குள் நின்றுவிடாமல், அங்கிருந்து குக்கிராமங்களுக்கு வயர்லெஸ் மூலம் வர வேண்டும்.
2. ஆன்ட்டெனா வைக்க மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூட மாடியை வாடகையின்றித் தர வேண்டும்.
3. ஊருக்கு ஒரு பையன், ஒரு பெண் என இருவருக்குப் பயிற்சியும் சம்பளமும் தர வேண்டும்.
4. அதுவரை "ஆன்லைனில் பதியவில்லை" என்று எந்த விவசாயியின் மனுவையும் தள்ளக் கூடாது.

நம் பங்கும் உண்டு. மாதாமாதம் சந்தா கட்டுவோம். வரவு செலவைக் கிராம சபையில் வாசிப்போம். சாதி பார்த்தோ கட்சி பார்த்தோ எந்தத் தெருவையும் விடமாட்டோம். காலனி வீட்டுக்கும் அதே இணைப்பு, அதே வேகம்.

வர்ற கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வராதீர்கள்!

ஊர் கூடுவோம்! உரிமை கேட்போம்!