கோழிக்கு வட்டம்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சதால போன வாரம் ஊருக்கு, அதாங்க ஆவுடையார்கோவிலுக்கு, போயிருந்தேன். அக்கா பொண்ணுக்கு நாலு வயசு, நர்சரி போறா. அவ ஒர்க்‌ஷீட்ல நாலு படம்: பசு, எருமை, கோழி, வைக்கோல். சேராததுக்கு வட்டம் போடணும். அம்மணி கோழிக்கு வட்டம் போட்டிருக்கா. மேல சிவப்பு மையில பெருசா ஒரு பெருக்கல் குறி.

நானும் பொறுப்பான மாமாவா, "மத்ததெல்லாம் உயிர் இருக்குறது, வைக்கோலுக்கு உயிர் இல்லைல்ல?"ன்னேன்.

"மாடு வைக்கோல் திங்கும் மாமா. கோழி சும்மா கிளறத்தான் கிளறும்."

இதுல என்ன தப்புங்கிறேன்? 1931-32ல லூரியாங்கிற சோவியத் உளவியலாளர் உஸ்பெகிஸ்தான் கிராமங்கள்ல இதே மாதிரி படம் காட்டினார். சுத்தியல், ரம்பம், கோடாலி, மரக்கட்டை. பள்ளிக்கூடம் பக்கமே போகாத விவசாயிகள் கட்டையைத் தனியா எடுத்துவைக்க ஒத்துக்கலை. கட்டை இல்லாம ரம்பத்தை வச்சு என்ன செய்யறது? கொஞ்சம் படிச்சவங்க மட்டும் 'கருவிகள்'னு பிரிச்சாங்க. ஆக, நாம 'சரியான விடை'ங்கிறது பள்ளிக்கூடம் கத்துக்குடுக்குற ஒரு பழக்கம். அது வேணாம்னு சொல்லலை, கண்டிப்பா வேணும். ஆனா ஏற்கெனவே இருக்குற பழக்கத்தை அடிச்சுட்டு எதுக்கு?

உயிர்க்கணக்குக்கே வந்தாலும், தொல்காப்பியர் மரபியல்ல புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்னு வகைப்படுத்தியிருக்கார். வைக்கோல் காயறதுக்கு முன்னாடி எந்தக் கட்சி? என் விளக்கமும் காலி :-)

எங்க வேலையில ஒரே டேபிளை இன்னிக்கு ஊர்வாரியா பிரிச்சுக் கேப்பாங்க, நாளைக்கு வயசுவாரியா. ரெண்டும் சரி, ரெண்டுக்கும் சம்பளம் உண்டு. படத்தை வெட்டிக் கையில குடுத்து, "ஏன் இப்படி வச்சே?"ன்னு கேட்டுட்டு, "வேற மாதிரி வைக்க முடியுமா?"ன்னு இன்னொரு தரம் பிரிக்கச் சொன்னா போதும். செலவு ஒரு கத்தரிக்கோல். அச்சடிச்ச ஒர்க்‌ஷீட்டுல "ஏன்"னு எழுத இடமே இல்லை, நாலு வயசுக்கு எழுதவும் வராது. வாயால கேட்டாத்தான் உண்டு.

சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்க ஊர் கொடுங்கை தெரியும்ல, கல்லுக்கூரைதான், ஆனா மரச்சட்டம் வச்சு ஆணி அடிச்ச மாதிரியே இருக்கும். அண்ணாந்து பாக்கச் சொல்லி, "இது கல்லா, மரமா?"ன்னு கேட்டேன்.

கூரையைப் பாக்கலை. என் மூஞ்சியைப் பாத்தா.

"எது சொன்னா ரைட்டு மாமா?"