மலை மேல் ஏழு மாடி

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் பெரும்பாலும் சமவெளியில் வீடு கட்டியவர்கள். மலைமேல் கட்ட நேர்ந்திருந்தால், 'கமிட்டியிடம் அநுமதி வாங்கிப் பார்' என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

கமிட்டி என்றதுமே இது அலுப்புத் தரும் சமாசாரம் என்று நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கொடைக்கானலில் ஒரு ஹோட்டலுக்கு எத்தனை மாடி என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. முதல் மந்திரியாக இருந்த ஒருவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்படும் வரையில் போயிற்று. கடைசியில், அந்த ஹோட்டலுடன் யாதொரு சம்பந்தமும் இல்லாத மூன்று பெண்களின் உயிரையும் கொண்டு போயிற்று. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் மலையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வத்தலக்குண்டுப் பக்கமிருந்து ஏறும் மோட்டார் ரஸ்தாவில், கொடைக்கானல் நகரம் வருவதற்குச் சில மைல் முன்னால் செண்பகனூர் இருக்கிறது. சேசு சபையார் 1895-ஆம் ஆண்டில் இங்கே திரு இருதயக் கலாசாலையை ஸ்தாபித்தார்கள். அங்கே வாழ்ந்த குருமார்கள் பழநி மலையின் செடி கொடிகளையும் பட்சிகளையும் பூச்சிகளையும் வருஷக் கணக்கில் சேகரித்து ஒரு பொருட்காட்சி சாலையே அமைத்துவிட்டார்கள். கொடைக்கானலுக்குப் போகிறவர்களில் பலர் ஏரியில் படகு விட்டு, குதிரைமேல் ஒரு சுற்று வந்து, சாக்லேட் பொட்டலத்துடன் திரும்பிவிடுகிறார்கள். செண்பகனூரில் இறங்கிப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். நஷ்டம் அவர்களுக்கே என்பது நம் அபிப்பிராயம்.

ஊருக்கு அருகே, பாதை ஓரத்தில், வெள்ளி அருவி சுமார் 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. எல்லாரும் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஜலம் எங்கிருந்து வருகிறது? மேலே கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிறதே, அதுதான் இங்கே அருவியாகிறது. அந்த ஏரியும் ஆண்டவன் படைத்ததல்ல. மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை 1863-ல் ஓடைக்குக் கரை போட்டு உண்டாக்கியது. ஆகவே மேலே ஏரிக்கரையில் ஒருவர் எதைக் கலந்தாலும் அது செண்பகனூர்ப் பக்கம் அருவியாக வந்து சேரும். சமவெளியில் அண்டை வீட்டுக்காரர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறார். மலையிலோ அவர் நம் காலுக்குக் கீழே இருக்கிறார். மலையில் கட்டிடம் கட்டுவதைக் கட்டுகிறவரின் சொந்த விஷயம் என்று விட்டுவிட முடியாததற்கு இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் சோலை. தாவர சாஸ்திர நூல்களில் ஆங்கிலேயர் 'ஷோலா' என்று எழுதி வைத்திருப்பது நம்முடைய 'சோலை'தான். மலை மடிப்புகளில் குட்டையாக, நெருக்கமாக, பாசி படர்ந்து நிற்கும் இந்தக் காடு, பெய்யும் மழையைப் பஞ்சைப்போல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகிறது. சுற்றியுள்ள புல்வெளியும் அந்த வேலையில் கூட்டாளி. மரத்தை வெட்டி, சரிவைச் செங்குத்தாகக் கொத்தி, அதன்மேல் சிமெண்டைக் கொட்டினால் என்ன ஆகும்? மழைநீர் தங்காமல் ஓடும். ஓடும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். ஐப்பசி கார்த்திகையில் மலைப் பாதைகளில் மண் சரிந்தது என்று பத்திரிகையில் படிக்கிறோமே, அதில் மழையின் பங்கு பாதி, மண்வெட்டியின் பங்கு பாதி.

1845-ல் அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியபோது அநுமதி கேட்பதற்குக் கமிட்டி எதுவும் இல்லை. இரண்டு பங்களாவுக்குக் கமிட்டி எதற்கு? பங்களாக்கள் நூறாகி, ஹோட்டல்கள் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கத் தொடங்கிய பிறகுதான் சர்க்கார் விழித்துக் கொண்டார்கள். 1990-ல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் என்ற சபை ஏற்பட்டது. 1993-ல் மலைவாசஸ்தலங்களுக்கென்று தனிக் கட்டிட விதிகள் வந்தன. கட்டிடத்தின் சிற்ப அமைப்பையும் அழகையும் கவனிப்பதற்கென்றே ஒரு கமிட்டியும் அவற்றில் இடம் பெற்றது. கொடைக்கானல் நகரத்துக்கு ஒரு பெருந்திட்டமும் அதே 1993-ல் அமுலுக்கு வந்தது.

முறை என்னவென்றால் இதுதான். கட்ட விரும்புகிறவர் பத்திரம், ஸர்வே நம்பர், பிளான் ஆகியவற்றுடன் மனுப் போடுகிறார். அந்த நிலம் குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டதா, விவசாயத்துக்கா, வியாபாரத்துக்கா என்று பெருந்திட்டத்தில் பார்க்கிறார்கள். சிறிய வீடானால் காரியம் உள்ளூரிலேயே முடியலாம். பெரிதானால் குழுமத்துக்குப் போகிறது. அங்கே தாள் பல கைகள் மாறும். சரிவு எவ்வளவு, பாறை தாங்குமா என்று புவியியல் இலாகா சொல்ல வேண்டும். மண் அரிக்குமா என்று விவசாயப் பொறியியல் இலாகா சொல்ல வேண்டும். காட்டோரமானால் வன இலாகா வாய் திறக்க வேண்டும். உயரம் 7 மீட்டருக்கு மேல் போகலாகாது என்பது அடிப்படைக் கணக்கு. கூரைச் சரிவு, வெளிப்புறத் தோற்றம், மலைக்குப் பொருத்தம் இவற்றை அழகுக் கமிட்டி பார்க்கும்.

அழகைச் சர்க்கார் கமிட்டி தீர்மானிப்பதா என்று சிலர் சிரிக்கிறார்கள். நாமும் ஒரு காலத்தில் சிரித்திருக்கலாம். ஆனால் பச்சை மலையின் முகத்தில் கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. அழகைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: கட்டிடத்திலிருந்து வெளியே போவது என்ன? இந்தக் குழுமம் பிறப்பதற்கு முன்பே, 1984-ல், கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வேலை தொடங்கியது. பின்னால் அது இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. பார்வைக்குச் சாதுவான கட்டிடம்தான். பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடைக்குப் போயிருந்தது வெளிவந்ததும், 2001-ல் ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருடன் கம்பெனி சமரசம் செய்துகொண்டது 2016-ல்தான். கூரையின் சாய்வை எத்தனை நாள் பார்த்திருந்தாலும் பாதரசம் கண்ணில் பட்டிராது.

இனி ஹோட்டல் கதைக்கு வருவோம்.

பிளெசன்ட் ஸ்டே என்பது அந்த ஹோட்டலின் பெயர். இன்பமான தங்கல் என்று பொருள் சொல்லலாம். இரண்டு தளங்களுக்கு மேல் விதி இடம் கொடுக்காத மலையில், அது ஏழு தளங்களாக எழுந்தது. எழும்பிக் கொண்டிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஏழு மாடி என்பது மடியில் மறைத்துக் கொள்ளக் கூடிய வஸ்து அல்லவே! 1985-ல் தோன்றிய பழநி மலைப் பாதுகாப்புக் கழகத்தார் சென்னை ஹைகோர்ட்டில் ரிட் மனுப் போட்டார்கள். வழக்கு நடந்து கொண்டிருக்கும்போதே, 1994 மே மாதத்தில், ராஜ்ய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டார்கள். விதியை மீறிய கட்டிடத்துக்கு விதியிலிருந்தே விலக்கு அளிக்கும் உத்தரவு அது.

இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. கமிட்டி 'கூடாது' என்று சொல்வதற்கு வேண்டிய விதிகள் எல்லாம் இருந்தன. ஆனால் அதே சட்டத்தில், 'சர்க்கார் உசிதமென்று கருதினால் விலக்கு அளிக்கலாம்' என்று சின்னதாக ஒரு வாசலும் இருந்தது. முன் வாசலில் காவற்காரர் நின்று, செண்பகனூரில் இரண்டு அறை வீடு கட்டுகிறவரிடம் கூரைச் சாய்வை அளந்து கொண்டிருக்கிறார். பின் வாசல் வழியாக ஏழு மாடி நுழைந்து விடுகிறது. விலக்கே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் விலக்கு வேண்டியிருக்கலாம். ஆனால் அதைக் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். கேட்ட காரணத்தையும் கொடுத்த காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு வரும் விலக்குக்கு விலக்கு என்று பெயரில்லை. அதற்கு மன்னிப்பு என்று பெயர். மன்னிப்புக் கிடைக்கும் என்று தெரிந்தால் அநுமதிக்காக யார் காத்திருப்பார்கள்?

1995-ல் ஹைகோர்ட்டார் அந்த உத்தரவை ரத்துச் செய்தார்கள். ஹோட்டல்காரர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அங்கேயும், அதே ஆண்டில், அநுமதியின்றி எழுப்பியதை இடிக்க வேண்டும் என்ற தீர்ப்பு உறுதியாயிற்று.

விலக்கு அளித்தது குற்றம் என்று தொடரப்பட்ட வழக்கில், 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி, முன்னாள் முதல் மந்திரி ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் ஓராண்டு கடுங்காவல் விதித்தது. (2001 டிசம்பரில் ஹைகோர்ட்டு அவரை விடுதலை செய்தது. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.) தண்டனைச் செய்தி பரவிய அன்றே பல ஊர்களில் கலவரம் மூண்டது. கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழக மாணவிகள் சுற்றுப் பயணம் வந்த பஸ்ஸுக்குத் தர்மபுரி அருகே தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே மாண்டார்கள். செடியும் மண்ணும் பயிரும் படிக்க வந்த பெண்கள். எங்கோ ஒரு மலையில் சிலர் கூடுதலாகச் சில மாடி கட்ட ஆசைப்பட்டதற்கும் இந்தச் சாவுகளுக்கும் நடுவே எத்தனை கையெழுத்துக்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் மனம் பதறுகிறது.

மறு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் கமிட்டிக்கு வக்காலத்து வாங்கியவர்களாகிவிடுவோம். 1993-ல் போட்ட பெருந்திட்டம் பல வருஷங்கள் மாறாமலே கிடந்தது. ஊரில் ஜனங்கள் பெருகினார்கள். திட்டத்தின் படத்தில் மட்டும் நிலம் பழைய நிறத்திலேயே இருந்தது. பாட்டன் பூமியில் மகனுக்கு ஓர் அறை போட நினைத்தவருக்கு, அந்த இடம் விவசாயத்துக்கு ஒதுக்கப்பட்டது என்று மனு திரும்பி வந்தது. மூன்று இலாகாவின் பதிலுக்குக் காத்துக் கால் தேய்ந்தவர்கள், கடைசியில் மேஸ்திரியைக் கூப்பிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை கண்டிப்பாகச் சொன்ன பிறகு, 2019-ல் அதிகாரிகள் கொடைக்கானலில் விதி மீறிய கட்டிடங்களுக்குச் சீல் வைக்கப் புறப்பட்டார்கள். பட்டியலோ ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆயிரம் பேர் மீறும் வரையில் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, பிறகு ஒரே நாளில் அரக்கு முத்திரையுடன் கிளம்புவது என்ன நிர்வாகம்? அந்தப் பட்டியலில் பேராசைக்காரரும் இருந்திருப்பார். வேறு வழி அறியாதவரும் இருந்திருப்பார். சீலுக்கு இருவரும் ஒன்றுதான்.

கமிட்டி சரியாகச் சொல்லியும் காது கொடுப்பாரில்லாத கதை வடக்கே இமயமலையில் நடந்திருக்கிறது. ஜோஷிமட் நகரம் பழைய மண்சரிவின் மேல் அமைந்தது. அங்கே கனத்த கட்டிடம் கூடாது, சரிவைத் தாங்கும் பாறைகளைப் பெயர்க்கக் கூடாது, மரத்தை வெட்டக் கூடாது என்று மிஸ்ரா கமிட்டி 1976-லேயே எழுதிக் கொடுத்தது. அறிக்கை பத்திரமாக அலமாரியில் இருந்தது. நகரம் வளர்ந்து கொண்டே போயிற்று. 2023 ஜனவரியில் நூற்றுக் கணக்கான வீடுகளின் சுவர்கள் பிளந்தன. குளிரில், குழந்தைகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வெளியேறினார்கள். 46 வருஷத்துக்கு முந்தைய காகிதத்தை அப்போதுதான் பலரும் எடுத்துப் படித்தார்கள்.

பழநி மலை ஜோஷிமட் அல்ல. பாறையும் வேறு, மண்ணும் வேறு. இருந்தாலும் கொடைக்கானலிலோ செண்பகனூரிலோ மனை வாங்க உத்தேசித்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. தரகர் காட்டும் இடத்திலிருந்து தெரியும் பள்ளத்தாக்கின் காட்சி அற்புதமாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் அவர் ஏன் அங்கே அழைத்துப் போகிறார்? காட்சியைப் பார்த்த கண்ணோடு அந்த ஸர்வே நம்பர் பெருந்திட்டத்தில் எந்த வகையில் சேர்ந்திருக்கிறது என்பதையும் நகரசபைக் காரியாலயத்தில் பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஒரு முறை போய், தண்ணீர் அந்த மனையின் எந்தப் பக்கமாக ஓடுகிறது, கீழே யார் வீடு இருக்கிறது என்றும் பாருங்கள். பக்கத்து மனையில் மூன்றாவது மாடி எழும்பினால், அதற்கு யார் அநுமதி கொடுத்தார்கள், எந்தத் தேதியில், என்ன காரணம் சொல்லி என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். முப்பது நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். மாடி எழும்பிக் கொண்டிருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஏழாவது தளத்துக்குக் கம்பி கட்டும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை.