உயிரோடு திரும்பி வா!

நிஞ்ஜா என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? கறுப்பு டிரெஸ், முகமூடி, எகிறிக் குதித்து நாலு பேரைச் சாய்ப்பது... நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் ஏமாற்றம்! அந்த டிரெஸ்ஸே கபுகி நாடக மேடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற உதவியாளர்கள் போட்டதாம். நிஜ நிஞ்ஜா, சாமியார் அல்லது வியாபாரி வேஷத்தில் பட்டப்பகலில் ஊருக்குள் போவார். சண்டை போட நேர்ந்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம். சாமுராய்க்கு வீரமரணம் பெருமை. இவருக்கோ உயிரோடு திரும்பிச் செய்தி சொல்வதுதான் டியூட்டி. இன்றைய கமாண்டோ உளவுக் குழுக்களுக்கும் அதே ரூல்தான்.

1938-ல் ஜப்பான் ராணுவம் ஆரம்பித்த நகானோ உளவுப் பள்ளியில், ஃபுஜிடா செய்கோ என்கிற நிஞ்ஜா வாத்தியாரே பாடம் எடுத்தார். அதன் கிளையில் கெரில்லாப் பயிற்சி பெற்றவர் லெப்டினன்ட் ஹிரூ ஓனோடா. 1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக்கு அனுப்பினார்கள். 'தற்கொலை கூடாது, தாக்குப்பிடி' என்று உத்தரவு.

1945-ல் யுத்தம் முடிந்தது. நோட்டீஸ் போட்டார்கள். சொந்த அண்ணனே வந்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். 'எதிரியின் தந்திரம்' என்று மனுஷர் காட்டைவிட்டு அசையவில்லை! 1974-ல் பழைய மேஜர் நேரில் வந்து உத்தரவைப் படித்த பிறகுதான் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

அதற்குள் சுமார் 30 தீவுவாசிகள் செத்திருந்தார்கள். யுத்தம் முடிந்தது அவர்களுக்குத் தெரியும். செய்தி சேகரிக்கப் படித்தவருக்குத்தான் தெரியவில்லை.