எத்தனை புத்தகம் அல்ல, யாருடைய கதை

ஒக்டோபர் இலங்கையின் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதம் வந்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலைகளிலும் பிரதேச சபை நூலகங்களிலும் கண்காட்சி, பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று வேலை நடக்கும். அதிகம் புத்தகம் இரவல் எடுத்த வாசகருக்குப் பரிசு கொடுப்பதும் உண்டு. இணையத்திலோ ஆண்டுக்கு ஐம்பது, நூறு என்று இலக்கு வைத்து வாசிக்கும் சவால்கள் இளையவர்களிடம் பரவியிருக்கின்றன. வாசிப்பு குறைந்துவிட்டது என்று கவலைப்படும் காலத்தில் இவை அத்தனையும் வரவேற்க வேண்டியவை. ஆனால் இவை எல்லாமே எண்ணிக்கையைத்தான் கேட்கின்றன. வாசித்த நாவல்களில் யார் நடுவில் நின்றார், யாருடைய கண்ணால் ஊரைப் பார்த்தோம் என்று கேட்பதில்லை. அமெரிக்காவில் 2015இல் தொடங்கிய ‘ரீட் ஹார்டர்’ என்ற வாசிப்புச் சவால் இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. வழக்கமாகக் கை போகாத நாடுகளின், இனங்களின், வாழ்க்கைகளின் கதைகளைத் தேடி எடுக்கச் சொன்னது. நமக்கு இது வெளியிலிருந்து வந்த நாகரிகம் போலத் தோன்றலாம். உண்மையில் யாழ்ப்பாண நாவலின் வரலாறே இப்படி ஒரு சவாலுக்கான பாடத்திட்டம் என்பதுதான் என் வாதம். இங்கே நாவலின் நடுவில் நிற்கும் மனிதர் மாறிய ஒவ்வொரு முறையும், குடாநாடு தன்னைப் பற்றி அதுவரை சொல்லாதிருந்த ஒன்று எழுத்தில் ஏறியது.

இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் ‘அஸன்பேயுடைய கதை’ 1885இல் வந்தது. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை. கதாநாயகன் எகிப்தில் பிறந்தவன். இலங்கைத் தமிழ் நாவலின் முதல் நாயகன் தமிழனும் அல்லன், இலங்கையனும் அல்லன் என்பதை நம் வாசகர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு வந்தால், 1914இல் மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ எழுதினார். திருமணத்துக்குப் பின் கணவன் வீட்டில் துன்பப்படும் கண்மணி அதன் நடுவில் நிற்கிறாள். சீதனமும் குடும்ப கௌரவமும் பேசிய அதே யாழ்ப்பாண வீடு, உள்ளேயிருக்கும் பெண்ணின் பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்பதை ஒரு பெண்தான் எழுத வேண்டியிருந்தது. வீட்டைப் பற்றி எழுத ஆண்களுக்குத் தடையேதும் இருக்கவில்லை. கதையைக் கண்மணியிடம் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இந்த வாதத்தின் முதுகெலும்பு கே. டானியல். 1972இல் வந்த ‘பஞ்சமர்’ தொடங்கி ‘கோவிந்தன்’, ‘அடிமைகள்’, ‘கானல்’, ‘தண்ணீர்’ என்று அவர் எழுதியவை யாழ்ப்பாணத்தின் ஒடுக்கப்பட்ட மக்களையே கதையின் உரிமையாளர்கள் ஆக்கின. தமிழ்நாட்டில் தலித் இலக்கியம் என்ற பெயரே பரவலாவதற்கு இரண்டு பத்தாண்டுகளுக்கு முன்னர் தொடங்கிய காரியம் இது. அதற்கு முந்திய பெரும்பாலான கதைகளில் கள் சீவுபவரும் துணி வெளுப்பவரும் முடி வெட்டுபவரும் இல்லாமல் இல்லை. முற்றத்தில் வந்து நிற்பார்கள், சொன்னதைக் கேட்பார்கள், கூலியோ நெல்லோ வாங்கிக்கொண்டு போவார்கள். படலைக்கு வெளியே போன பிறகு அவர்களுக்கு என்ன நடந்தது என்பது கதைக்குத் தேவைப்படவில்லை. டானியலின் நாவல் அந்தப் படலைக்கு வெளியேதான் தொடங்குகிறது.

ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் உயிர் கிணற்றில் இருக்கிறது. துலாவும் பட்டையும் வாழையும் கமுகுமாக யாழ்ப்பாணத்துக் கிணற்றடியை நம் எழுத்தாளர்கள் எத்தனையோ முறை அழகாக வர்ணித்திருக்கிறார்கள். அந்த வர்ணனை பொய்யில்லை. ஆனால் அது துலாக்கயிற்றைப் பிடிக்க உரிமையுள்ளவரின் கிணறு. அந்த உரிமை இல்லாத பெண் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, உரிமையுள்ள யாராவது வந்து அள்ளி வார்க்கும்வரை வெயிலில் காத்து நின்றாள். யாரும் வராவிட்டால் அடுப்பில் உலை ஏறாது. அவளுடைய இடத்தில் நின்று பார்த்தால் கிணற்றடியில் முதலில் தெரிவது தண்ணீரின் குளிர்ச்சி அல்ல, தண்ணீருக்கும் தனக்கும் இடையில் இருக்கும் அந்தச் சில அடி தூரம். ஒரே கிணறு, இரண்டு நாவல்கள். முதலாவதை மட்டும் வாசித்தவர் யாழ்ப்பாணத்தை அறிந்தவர் என்று நான் ஒப்பமாட்டேன். 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்துத் தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டமும் ஏன் வெடித்தன என்பது அந்தச் சில அடி தூரத்தை உணர்ந்தவருக்கே முழுதாக விளங்கும்.

இது டானியலோடு தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயணம்’ 1965லேயே சாதிக் கொடுமையை எதிர்த்து எழும் கிராமத்தைக் காட்டியது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நெடுந்தீவுக் கடற்கரைக்கும் மீன்பிடி வாடிகளுக்கும் வாசகரைக் கூட்டிச் சென்றது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வில் நடுவில் நிற்பவன் ஆயுதப் போராட்ட இயக்கத்துக்குப் போய், அந்த இயக்கத்தாலேயே உதைபட்டு, பிரான்ஸில் அகதியாகும் தீவுப்பகுதிப் பையன். வீரனும் அல்லன், துரோகியும் அல்லன் என்ற இடத்தில் ஒருவனை நிற்கவைத்து எழுதவே அன்று துணிவு வேண்டியிருந்தது. சயந்தனின் ‘ஆதிரை’ மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களுக்கு இடம் கொடுத்தது. ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ ஒரு முஸ்லிம் பெண்ணையும் இரண்டு முன்னாள் பெண் போராளிகளையும் ஒரே கதைக்குள் வைத்தது. ஆங்கிலத்தில் வி. வி. கணேசானந்தன் எழுதிய ‘பிரதர்லெஸ் நைட்’ மருத்துவராக ஆசைப்படும் யாழ்ப்பாணத்துப் பெண்ணின் வழியாகப் போரைச் சொல்லி, 2024இல் பெண் எழுத்தாளர்களுக்கான பிரித்தானிய நாவல் பரிசைப் பெற்றது.

இதற்கு வரும் முதல் மறுப்பு தரத்தைப் பற்றியது. நாவலை நாவலாகப் பார்க்க வேண்டும், பாத்திரத்தின் சாதியையும் சமயத்தையும் பார்த்து வாசிப்பது இலக்கியத்துக்குச் செய்யும் அநியாயம் என்பார்கள். இதில் பாதி உண்மை. டானியலின் நாவல்களில் பிரசங்கம் ஏறிய பக்கங்கள் உண்டு. கதை ஓடவேண்டிய இடத்தில் செய்திச் சுருக்கம் ஓடும் இடங்களும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தரம் என்ற அளவுகோல் இந்த மண்ணில் எப்படிக் கையாளப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1960களில் இலக்கிய மொழி பற்றி நடந்த மரபுப் போராட்டத்தில், சாதாரண மக்களின் பேச்சுமொழியில் எழுதியவர்களை ‘இழிசனர் இலக்கியம்’ எழுதுகிறார்கள் என்று படித்தவர்களே பழித்தார்கள். அன்று தரக்குறைவு என்று தள்ளப்பட்ட பேச்சுமொழி இல்லாமல் இன்று ஒரு ஈழத்து நாவலை நினைத்துப் பார்க்கவே முடியாது. நமக்குப் பழக்கமான வாழ்க்கையைச் சொல்லும் சுமாரான நாவலைத் தட்டாமல் வாசித்து முடிக்கிறோம். பழக்கமில்லாத வாழ்க்கை வரும்போது மட்டும் தராசைத் தூக்குகிறோம். இரண்டுக்கும் ஒரே தராசு என்றால் எனக்கு மறுப்பில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. சாதி இப்போது எங்கே இருக்கிறது, ஆறிய புண்ணை ஏன் கிளற வேண்டும், இவ்வளவு இழந்த சமூகம் ஒற்றுமையாக நிற்கவேண்டிய நேரமல்லவா என்று கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் புண் ஆறிவிட்டதா? திருமண விளம்பரங்களை வாசிப்பவருக்குப் பதில் தெரியும். 2018இல் வரணியில் ஒரு கோயில் தேரை மண் அகழும் இயந்திரம் இழுத்த படம் வெளியானபோது, ஒடுக்கப்பட்டவர்கள் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே அப்படிச் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்ததை மறந்திருக்கமாட்டோம். ஒற்றுமை என்பது ஒருவர் வாயை மூடிக்கொள்வதால் வருவதென்றால், மூடிக்கொள்பவர் எப்போதும் ஒரே ஆளாக இருப்பது ஏன் என்றாவது கேட்கவேண்டும். இந்த மௌனம் சாதியோடு நிற்பதுமில்லை. வாசிப்பு மாதம் முடிவதற்கு முதல்நாள் ஒக்டோபர் 30. 1990இல் அதே நாளில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரைவிட்டுப் போக இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. சோனகத் தெருவில் பிறந்து புத்தளத்து முகாமில் வளர்ந்த ஒருவரின் கண்ணால் இந்த நகரத்தைப் பார்க்கும் நாவல் ஒன்றின் பெயரை நம்மில் எத்தனை பேர் தயங்காமல் சொல்வோம்?

இப்படி வாசித்தால் மனிதர் நல்லவராகிவிடுவாரா என்று கேட்டால், அந்த உறுதியை நான் தரமாட்டேன். இலக்கியம் வாசித்தவர்கள் பிறர் மனதைக் கூடுதலாக உணர்கிறார்கள் என்று 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வொன்று உலகமெங்கும் பேசப்பட்டது. பின்னர் அதே பரிசோதனையைச் செய்து பார்த்த பலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆகவே இரக்கத்தை வைத்து நான் வாதாடவில்லை. அறிவை வைத்து வாதாடுகிறேன். தன் ஊரைப் பாதி மட்டும் அறிந்தவர் அதைப் பற்றி எடுக்கும் முடிவுகளும் பாதிதான் சரியாக இருக்கும்.

பட்டியல் போட்டு வாசிப்பது வெறும் அடையாளம் குறிக்கும் வேலையாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஒரு தலித் நாவல், ஒரு முஸ்லிம் நாவல், ஒரு மலையக நாவல் என்று ஒவ்வொன்றோடு நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். ஒரு பாத்திரம் ஒரு சமூகத்துக்கே பிரதிநிதி என்ற புதிய தவறும் சேரும். அதற்கு மருந்து இரண்டாவது நாவல். ‘நீண்ட பயண’த்தை வாசித்த கையோடு ‘பஞ்சமர்’ வாசிப்பவர், ஒரே ஒடுக்குமுறையை இரண்டு எழுத்தாளர்கள் எப்படி வேறுவேறாகக் கண்டார்கள் என்று பார்ப்பார். தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’யோடு ‘ஆதிரை’யைச் சேர்த்து வாசித்தால் மலையகத்தார் என்ற ஒற்றைப் படம் தானாக உடையும்.

புத்தகம் கிடைப்பதில்லை, விலை கட்டுப்படியாகாது என்ற சாட்டுக்கும் இப்போது வலுவில்லை. பழைய ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கக் கிடக்கின்றன. ஆகவே வரும் ஒக்டோபருக்கு நூலகர்களிடமும் தமிழாசிரியர்களிடமும் சனசமூக நிலையங்களிடமும் ஒரு வேண்டுகோள். அதிகம் வாசித்தவருக்கு ஒரு பரிசு இருக்கட்டும். அதோடு, தன் வீட்டிலும் தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் ஒருநாளும் சந்திக்காத ஒருவர் நடுவில் நிற்கும் நாவலை வாசித்து, அதைப் பற்றி எழுந்து நின்று பத்து நிமிடம் பேசும் பிள்ளைக்கும் ஒரு பரிசு வையுங்கள்.