ஊசிக்கும் ஆதாரம் கேட்போம்

குழந்தை தங்கவில்லையா? "தலைவிதி" என்றனர் அன்று. "இரத்தம் உறைகிறது, ஊசி போடவேண்டும்" என்கின்றனர் இன்று சிலர். விதிக்கு ஆதாரம் கேட்ட நாம், ஊசிக்குக் கேட்க வேண்டாமா?

ஐந்து நாடுகளில் கேட்டுப் பார்த்தனர். பரம்பரையாக இரத்தம் உறையும் குறையும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவும் கண்ட 326 பெண்களை ஆராய்ந்தனர். முடிவு 2023-இல் வெளிவந்தது. ஹெப்பாரின் ஊசி போட்டவர்களில் குழந்தை பெற்றோர் நூற்றுக்கு 72, போடாதவர்களில் 71! ஊசி சாதித்தது என்ன?

சோதனைக்குழாய் முறையிலும், கரு ஒட்டுவதற்கென எல்லோருக்கும் இதைப் போடப் போதிய ஆதாரம் இல்லை.

ஊசியே வீண் என்று நாம் கூறவில்லை. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் வேறு. அதில் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளே கருவுக்குப் பகையாகிறது. அந்நோயால் கரு கலைந்தவர்களிடம் 1997-இல் லண்டனில் கண்டது: ஆஸ்பிரின் மட்டும் தந்தபோது நூற்றுக்கு 42 குழந்தைகள், ஹெப்பாரினும் சேர்ந்தபோது 71. காலில் இரத்தம் கட்டியவர்களுக்கும் இவ்வூசி உயிர் காப்பது. தாமாக நிறுத்துவது ஆபத்து.

எனவே தோழர்களே, மருத்துவரிடம் கேளுங்கள்: என்ன குறை? எந்தச் சோதனையில் தெரிந்தது? ஊசியால் என்ன பலன்? குத்துப்படுவது மனைவியின் உடல். கரைவது உழைத்த கூலி. கேட்பது அவமரியாதை அன்று, உரிமை!