ஒரே லினக்ஸ் போதுமாம்! யாருக்குப் போதும்?

"லினக்ஸில் எதற்கு இத்தனை ரகங்கள்? டெபியன், ஃபெடோரா, ஆர்ச், உபுண்டு என்று ஏன் குழப்ப வேண்டும்? பெரிய கம்பெனி ஒன்று தருவதையே எல்லோரும் எடுத்துக்கொண்டால் வேலை சுலபமாகுமே!" இந்த வாதம் இன்று பலமாகக் கேட்கிறது. மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் நம் வாலிபர்களில் சிலரும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். ஆகவே பதில் சொல்வது நம் கடமை.

பொது அளவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கெர்னல் எல்லா ரகங்களுக்கும் பொதுவானதுதான். தண்டவாளத்தின் அகலம் ஒன்றாயிருந்தால்தான் பங்காருப்பேட்டை வண்டி மாரிகுப்பம் வந்து சேரும். அதற்காக, அந்தத் தண்டவாளத்தில் ஒரே முதலாளியின் வண்டிதான் ஓட வேண்டுமா? பலர் கூடி ஒப்புக்கொண்ட அளவு வேறு. ஒரு கம்பெனி தன் லாபத்துக்காக வகுக்கும் அளவு வேறு.

நடந்ததைப் பாருங்கள். ரெட் ஹாட் கம்பெனி விற்கும் லினக்ஸின் மூலநிரலைக் கொண்டு, தொண்டர்கள் இலவசமாகக் கட்டித் தந்தது சென்ட் ஓ.எஸ். 2014இல் ரெட் ஹாட் அதைத் தன் குடைக்குள் கொண்டுவந்தது. 2019இல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலர் கொடுத்து ரெட் ஹாட்டையே வாங்கியது. 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: 2029 வரை பராமரிக்கப்படும் என்றிருந்த சென்ட் ஓ.எஸ். 8, 2021 முடிவோடு நிறுத்தப்படும்! 2023 ஜூனில், விற்பனைப் பதிப்பின் மூலநிரலைப் பொதுவில் வைப்பதையும் நிறுத்தி, அது வாடிக்கையாளருக்கு மட்டும் என்றார்கள்.

ரெட் ஹாட்டின் பொறியாளர்கள் உழைக்கவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். உழைத்தவர் கூலி கேட்பதும் தவறன்று. ஆனால் உலகெங்கும் எண்ணற்றோர் சேர்ந்து கட்டிய வீட்டின் கதவை ஒரு கம்பெனி சாத்தலாமா?

சென்ட் ஓ.எஸ்ஸை நம்பியிருந்தவர்கள் பிழைத்தது எப்படி? 2021இலேயே ஆல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று மாற்று ரகங்கள் எழுந்ததால்! எதைக் குழப்பம் என்று பழித்தார்களோ, அதுவே கைகொடுத்தது.

1993இல் தொடங்கிய டெபியனுக்கு முதலாளி கிடையாது. ஆண்டுதோறும் உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2014இல் சிஸ்டம்டி என்ற பகுதியை ஏற்பதா என்று பெரும் சச்சரவு எழுந்தது. உடன்படாதவர்கள் பிரிந்துபோய் டெவுவான் என்ற தனி ரகத்தைத் தொடங்கினார்கள். இதைப் பிளவு என்று சிலர் பரிகசிக்கலாம். பிரிந்துபோகும் உரிமை உள்ள இடத்தில்தான் தலைமை அடக்கமாக இருக்கும் என்பது நம் பதில்.

தமிழின் கதி என்ன? எந்த மொழி விற்கும் என்பது கம்பெனியின் கணக்கு. எந்த மொழியில் மக்கள் வாழ்கிறார்கள் என்பது தொண்டர்களின் கணக்கு. டெபியனை நிறுவும் திரைகளைத் தமிழாக்கியவர்கள் அத்தகைய தொண்டர்கள்தாம். இந்திய மொழிகளுக்காக சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் என்ற அடித்தளத்தின்மேல் எழுந்ததுதான். பொதுச்சொத்து இருந்ததால் அல்லவா இது முடிந்தது?

எல்லாம் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்று தங்கவயல் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை, குடியிருப்பு, ஆஸ்பத்திரி அனைத்தும் சுரங்கத்தை நம்பியே இருந்தன. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அது அரசாங்கக் கம்பெனியாக இருந்தும் இந்த நிலை! தனியார் கம்பெனியின் வாக்குறுதியை நம்பிப் பிள்ளைகளின் எதிர்காலத்தை ஒப்படைக்கலாமா?

வாலிபர்களே! பிழைப்புக்காகக் கம்பெனியின் லினக்ஸைக் கற்பதில் தவறில்லை. அதோடு நிற்காதீர்கள். டெபியனையும் கற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தமிழாக்காத வரிகளைத் தமிழாக்குங்கள்; கண்ட பிழைகளை எழுதி அனுப்புங்கள். நமக்கு வேண்டியது பொது அளவு. பொது எஜமான் அல்ல!